உதவி ரீச்சரிலிருந்து பொறுப்பாசிரியை வரை: முன்பள்ளி வாசகர் கேள்வி பதில்

முன்பள்ளிகளிலும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களிலும் வேலை செய்யும் திருகோணமலை மாவட்ட வாசகியர் அனுப்பிய கடிதங்களில், அடுத்த படிக்குப் போவது பற்றிக் கேட்டவற்றை இம்முறை எடுத்திருக்கிறோம்.

கேள்வி: கிராம அபிவிருத்திச் சங்கம் நடத்தும் முன்பள்ளியில் ஆறு வருடமாக உதவி ஆசிரியை. உயர்தரம் சித்தி. தனியார் நிறுவனம் ஒன்றில் ஒரு டிப்ளோமாவும் முடித்திருக்கிறேன். எங்கள் பொறுப்பாசிரியை அடுத்த வருடம் ஓய்வெடுக்கிறார். அந்த இடத்துக்கு வர நான் என்ன செய்யவேண்டும்?
– வாசகி, உப்புவெளி

பதில்: முதலில் அந்த டிப்ளோமாவைக் கையில் எடுத்து, அதில் தேசிய தொழிற்தகைமை நிலை எது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது படித்ததற்குச் சான்றுதான், தேசிய மட்டத்தில் நிலை சொல்லும் சான்று அல்ல. தேசிய தொழிற்தகைமைக் கட்டமைப்பில் 7 நிலைகள் உண்டு. 4ஆம் நிலை ஒருவர் மேற்பார்வையின்றித் தன் தொழிலைச் செய்யும் தரம், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். முன்பள்ளி ஆசிரியருக்கு 4ஆம் நிலை இருக்கிறது. ஆறு வருட அனுபவம் உள்ள நீங்கள் மறுபடி வகுப்பில் போய் உட்காராமல், முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் அதற்கு விண்ணப்பிக்க முடியுமா என்று தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

அந்த வழியில் பலர் தடுக்குவது சான்றுக் கோவையில். ஒருநாள் பயிற்சிப் பட்டறைச் சான்றிதழ்களை நிறைய அடுக்கிக்கொண்டு போவார்கள். மதிப்பீட்டாளர் தேடுவது உங்கள் கைவேலையை: திகதியிட்ட கிழமைத் திட்டம், ஒரே பிள்ளையைப் பல மாதம் கவனித்து எழுதிய குறிப்பு, நீங்களே செய்த கற்றல் உபகரணத்தின் படம், பெற்றோர் கூட்டக் குறிப்பு. சேவைக் கடிதத்தில் ‘இங்கு கடமையாற்றினார்’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். எந்த வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர், என்னென்ன கடமைகள், எந்தத் திகதியிலிருந்து என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரியா என்று இன்றைக்கே பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு போகவேண்டும். கடைசிக் கிழமையில் அதற்கு அலைந்தே தவணையை இழந்தவர்கள் உண்டு. வேலையை விடாமல் மேலே படிக்க நினைத்தால் திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் நெறி நல்ல வாசல்.

ஆனால் தகைமை மட்டும் இருந்தால் போதாது. பொறுப்பாசிரியையின் வேலையில் பாதி வகுப்பறையிலிருந்து பார்த்தால் தெரியாது. அவர் இருக்கும்போதே மூன்று வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஜனவரி அனுமதி: பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, பிள்ளை சுகாதார அபிவிருத்திப் பதிவேடு, ஒவ்வாமை விபரம், பிள்ளையைக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர்களின் பெயர். இரண்டு, ஒரு தவணை முழுவதற்குமான திட்டம். மூன்று, பிரதேச செயலக முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தருக்குக் கொடுக்கும் விபரங்கள். அவர் உங்களை முகம் பார்த்து அறிந்திருப்பது பிறகு பெரிய உதவி.

வங்கிக் கணக்கையும் மறக்கவேண்டாம். ஓய்வெடுத்தவரின் கையெழுத்தே கணக்கில் கிடந்தால் புதியவர் ஒரு ரூபாயும் எடுக்கமுடியாது. சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, கூட்டக் குறிப்பின் பிரதியோடு அவர் போகுமுன்னரே கையெழுத்தை மாற்றுங்கள். பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதி, அலுமாரிச் சாவி, பொருட் பதிவேடு மூன்றையும் இருவரும் ஒப்பமிட்டுக் கையளிக்கவேண்டும்.

கேள்வி: போன தவணையிலிருந்து நான்தான் பொறுப்பு. நேற்றுவரை ஒன்றாக இருந்து சாப்பிட்ட ரீச்சர்மார் இப்போது நான் சொன்னால் முகத்தைத் திருப்புகிறார்கள். ஒருவர் தினமும் பிந்தி வருகிறார். கண்டித்தால் உறவு முறியும், விட்டால் மற்றவர்களும் பிந்துவார்கள். என்ன செய்ய?
– வாசகி, பாலையூற்று

பதில்: பிந்தி வருவதை எல்லோர் முன்னாலும், பொதுவாக, ஜாடையாகச் சொல்லாதீர்கள். நேரத்துக்கு வருபவர்களுக்கு அது வலிக்கும், உரியவருக்குப் படாது. அன்றைக்கே, பிள்ளைகள் போனபின், தனியாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: “இண்டைக்கு நீங்கள் 7.50க்கு வந்தீங்கள். 7.30இலிருந்து ஒன்பது பிள்ளைகளோடு ஒரு ரீச்சர் தனிய நிண்டவா. ஒரு பிள்ளை கேட்டடிக்குப் போயிட்டுது.” பிறகு காரணத்தைக் கேளுங்கள். பஸ் நேரம்தான் சிக்கல் என்றால் காலைக் கடமையை மாற்றி மாலைக் கடமை கொடுக்கலாம். ஒப்புக்கொண்டதை இருவரும் எழுதிவைத்து, இரண்டு கிழமை கழித்து மறுபடி பாருங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால்தான் எழுத்து மூல அறிவித்தல்.

கடமைப் பட்டியலில் உங்கள் பெயரையும் கழிவறைக் கடமைக்கும் பாய் கழுவும் நாளுக்கும் போடுங்கள். முகம் திருப்புவது பாதியாகக் குறைய இது ஒன்றே போதும்.

சகோதர ஆசிரியையின் வகுப்பைக் கவனிப்பதுதான் இந்தப் பொறுப்பின் இருதயம் என்று நாங்கள் நம்புகிறோம். அதில் பலர் பரிசோதகராக மாறிவிடுகிறார்கள். முதல்நாளே சொல்லிவிட்டு, பிள்ளைகளின் உயரத்தில் ஒரு சின்னக் கதிரையில், இருபது நிமிடம் மட்டும் இருங்கள். ‘நல்லது’, ‘போதாது’ என்று எழுதாமல் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். இப்படி:

‘9.10. பிள்ளை மாவை உதிர்த்து, “இது புட்டு” என்றது. ரீச்சர், “இது என்ன நிறம்?” என்றார். “சிவப்பு.” பிள்ளை மாவை வைத்துவிட்டு எழும்பிப் போனது.’

மாலையில் இந்த வரிகளை அவரிடமே வாசிக்கக் கொடுங்கள். “புட்டுக்கு என்ன கறி? ஆருக்குக் குடுக்கப் போறீங்கள்?” என்று கேட்டிருந்தால் அந்த விளையாட்டு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதைப் பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார். ஒரு தடவைக்கு ஒரு விடயம் போதும். ஐந்து குறை சொன்னால் ஒன்றும் மாறாது. அவர் தடுமாறும்போது வகுப்பை நீங்கள் வாங்கி நடத்தவேவேண்டாம். பிள்ளைகள் முன்னால் ஒரு ரீச்சரின் மரியாதை போனால் திரும்ப வாங்கிக்கொடுப்பது கஷ்டம்.

கேள்வி: “மூன்றரை வயதாகியும் எழுதத் தெரியவில்லை, பக்கத்துப் பள்ளியில் கொப்பி நிறைய எழுதுகிறார்கள்” என்று உம்மாமாரும் வாப்பாமாரும் வந்து நிற்கிறார்கள். பொறுப்பாளர் என்ற முறையில் நான்தான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.
– வாசகி, கிண்ணியா

பதில்: மூன்று வயதளவில் ஒரு பிள்ளை வட்டத்தைப் பார்த்து வரையும். கூட்டல் குறி நான்கு வயதளவில், சதுரம் நான்கரை, ஐந்தில். முக்கோணம் அதற்கும் பிறகு. சாய்கோடு வராத கைக்கு எழுத்தைக் கொடுத்தால் பிள்ளை பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கப் பழகும். அந்தப் பிடியை முதலாம் தரத்தில் மாற்றுவது, புதிதாகப் பழக்குவதைவிடச் சிரமம்.

இதைப் பெற்றோருக்குப் பேச்சாகச் சொல்லவேண்டாம், காட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் மாசி மாதச் சித்திரத்தையும் ஆனி மாதச் சித்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கையில் கொடுங்கள். கடதாசி கிழிப்பது, மா பிசைவது, உடுப்புக் கவ்வி கொழுவுவது, குவளைக்குக் குவளை தண்ணீர் ஊற்றுவது ஒவ்வொன்றும் எந்த விரலுக்கு என்று அவர்களையே செய்ய வையுங்கள். அயல் பாடசாலையின் முதலாம் தர ஆசிரியையை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, தனக்கு எப்படிப்பட்ட பிள்ளை வரவேண்டும் என்று சொல்லச் சொல்லுங்கள். தன் பையைத் திறக்க, கழிவறை கேட்க, ஒரு கதையை முடியும்வரை கேட்க, தன் பெயரை அடையாளம் காணத் தெரிந்தால் போதும் என்று அவர் சொன்னால், நீங்கள் பத்துத் தடவை சொன்னதைவிட அது ஏறும்.

கேள்வி: ஒரு தனியார் முன்பள்ளியை முகாமை செய்யக் கேட்கிறார்கள். உரிமையாளரின் வீட்டு மண்டபம், வாடகை இல்லை. 30 பிள்ளைகள், மாதக் கட்டணம் 1,500. இரண்டு ரீச்சர்மாருக்கும் தலா 15,000. பொறுப்பெடுக்கலாமா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: இந்தக் கணக்கோடு எடுக்கவேண்டாம். 2026 ஜனவரி 1 முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதற்குக் கீழே கொடுக்கும் இடத்தில் முகாமையாளராக ஒப்பமிட்டால், கேள்வி வரும் நாளில் நிற்கப்போவது நீங்கள்.

சரியான கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருவருக்கும் 60,000. உரிமையாளர் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், மொத்தம் 9,000. ஊழியரிடமிருந்து கழிக்கும் 8 வீதம் சம்பளத்துக்குள் அடங்கும். பகுதிநேர உதவியாளருக்கு 10,000, மின்சாரம் தண்ணீர் 4,000, கற்றல் பொருட்கள் 5,000, திருத்த வேலைகளுக்கு ஒதுக்கு 5,000 என்று வைத்தால் மாதம் 93,000. வருடத்துக்கு 1,116,000.

இதை 30ஆல் பிரித்து, ‘கட்டணம் 3,100’ என்று முடிவெடுப்பதுதான் வழக்கமான பிழை. 30 பேரும் ஒழுங்காகக் கட்டுவதில்லை. 27 பேர் கட்டினால் நல்ல வருடம். மார்கழியில் கட்டணம் வாங்காத பள்ளிகளே அதிகம், ஆனால் சம்பளம் 12 மாதத்துக்கும் உண்டு. 3,100ஐ 27 பேரிடம் 11 மாதம் வாங்கினால் 920,700தான் வரும். பற்றாக்குறை 195,300, அதாவது இரண்டு மாதச் செலவுக்கு மேல். அந்தப் பள்ளிகளில் கார்த்திகைச் சம்பளம் தைக்குப் போவது இதனால்தான். உண்மையான கட்டணம் 3,750க்கு மேலே நிற்கிறது.

ஒரே தாவலாக ஏற்றினால் பிள்ளைகள் போய்விடுவார்கள் என்பது உண்மை. அந்த இடைவெளியை எத்தனை வருடத்துக்கு யார் தாங்குவது என்று உரிமையாளர் எழுத்தில் சொன்னால் பேசிப்பார்க்கலாம். ரீச்சர்மாரின் சம்பளத்தில் அதை ஈடுகட்ட ஒத்துக்கொள்ளவேண்டாம். கட்டண மாற்றத்தைப் புரட்டாதியில் அறிவித்து ஜனவரியில் தொடங்குங்கள், வருட நடுவில் கூட்டாதீர்கள். உங்கள் ஊர் வயல் ஊர். பெரும்போக வெட்டு மாசி பங்குனியில், சிறுபோகம் ஆவணி புரட்டாதியில். ‘வெட்டு முடிய மூன்று மாதக் கட்டணத்தை ஒன்றாகக் கட்டலாம்’ என்று ஒரு தெரிவு கொடுத்தால் நிலுவை குறையும். கழிவு கொடுப்பதானால் யாருக்கு, எவ்வளவு என்று விதி எழுதிவையுங்கள். முகம் பார்த்துக் கொடுத்தால் அடுத்த நாள் ஊருக்கே தெரியும்.

பற்றுச்சீட்டுப் புத்தகம், காசேடு, மாத முடிவில் வங்கி மீதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மூன்றும் தவறவே கூடாது. பணம் வாங்குபவரும் காசேடு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்காமல் பாருங்கள். அது உங்களைக் காக்கும்.

கேள்வி: பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளராகக் கேட்டிருக்கிறார்கள். கைக்குழந்தைகளும் உண்டு. முதல் கிழமையில் எதை ஒழுங்கு செய்ய?
– வாசகி, திருகோணமலை நகரம்

பதில்: முதலில் ஆளணி. ஆஸ்திரேலியாவில் இரண்டு வயதுக்குக் குறைந்த நான்கு பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது சட்டம். அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எண்ணுங்கள், காலையில் அல்ல. ஒருவர் சாப்பிடப் போய், ஒருவர் பால் கரைக்கும்போது அறையில் யார் மிச்சம் என்பதுதான் உண்மையான எண்ணிக்கை.

கைக்குழந்தை மல்லாந்து படுக்கவேண்டும், முகத்தருகே தலையணை, துணி கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து ஒப்பமிட ஒரு தாள் சுவரில் இருக்கட்டும். மருந்து, பெற்றோர் எழுதிக் கொடுத்த அளவும் நேரமும் இல்லாமல் கொடுக்கப்படாது. கொடுத்தவர் ஒருவர், பார்த்தவர் ஒருவர், இரண்டு ஒப்பம். பிள்ளையைக் கூட்டிப்போகப் பட்டியலில் இல்லாத மாமா வந்தால், எத்தனை தெரிந்தவரானாலும் தொலைபேசியில் தாயிடம் கேட்டபின்தான்.

2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன செய்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு கிழமை, பத்து நாள். ஆகவே ஒவ்வொரு வெள்ளியும் பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, உடைந்த விளையாட்டுச் சாமான், பீலி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்க்கவேண்டும். ஐப்பசி தொடக்கம் தை வரை ஒரு வெள்ளியும் விடக்கூடாது.

பிள்ளையின் உடம்பில் விளங்காத காயம், திடீர்ப் பயம் கண்டால் நீங்களாக விசாரணை நடத்தாதீர்கள். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எழுதி, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அறிவியுங்கள். இதை உங்கள் ஊழியர் எல்லோரும் முதல் கிழமையிலேயே தெரிந்திருக்கவேண்டும்.

கேள்வி: திருமணமாகி மெல்பேர்ண் போகப்போகிறேன். இங்கே எட்டு வருடம் முன்பள்ளியில் இருந்த எனக்கு அங்கே பொறுப்பான வேலை கிடைக்குமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: உடனே எதிர்பார்க்கவேண்டாம், ஆனால் படி தெளிவாக இருக்கிறது. வெளிநாட்டுத் தகைமையை மதிப்பிடுவது ‘அசெக்வா’ என்ற தேசிய அமைப்பு. அங்கே முதலில் மூன்றாம் நிலைச் சான்றிதழ் (Certificate III), பிறகு டிப்ளோமா, அதன்பின் பட்டம். டிப்ளோமா இருந்தால் ஓர் அறையின் பொறுப்பாளராகும் வாய்ப்பு வரும். ஒவ்வொரு நிலையமும் கற்றல் திட்டத்தை வழிநடத்தும் ‘கல்வித் தலைவர்’ ஒருவரை நியமிக்கவேண்டும் என்பது அங்கே சட்டம், அனுபவமுள்ளவர்கள் அதற்கும் உயர்கிறார்கள்.

போகுமுன் இங்கே எடுக்கவேண்டியவற்றை எடுத்துவிடுங்கள்: பாடநெறியின் மதிப்பெண் பட்டியல், ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கமும் மணித்தியாலமும், செய்முறைப் பயிற்சி எத்தனை நாள், எந்த வயதுப் பிள்ளைகளுடன் என்ற கடிதம். அதில் பிறப்பு முதல் இரண்டு வயது வரையான பிள்ளைகளோடு வேலை செய்தது தனியாகக் குறிப்பிடப்படட்டும். இங்கே மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களோடு மட்டும் இருந்தவர்கள் அங்கே போய்த் திணறுவது அந்த இடத்தில்தான். புறப்பட இன்னும் மாதங்கள் இருந்தால், பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் கைக்குழந்தைகளோடு சில காலம் வேலை செய்து, அதற்கும் சேவைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.