லைட் வாங்குவதற்கு முன் காயப்போடும் அறையைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, ஒன்டாரியோவில் லெமிங்டன் பக்கம் பழைய தக்காளி கிரீன்ஹவுஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மைக்ரோ லைசன்ஸில், அதாவது சிறு பரப்பில் வளர்ப்பவருக்கான அரசு உரிமத்தில், கஞ்சா பயிரிடுகிறேன். போன அறுவடையில் 40 கிலோ விற்காமல் கிடக்கிறது. வாங்க வந்தவர் முகர்ந்து பார்த்துவிட்டு விலையே சொல்லாமல் போய்விட்டார். லைட்டைக் கூட்டினால் டிஎச்சி (போதை தரும் சத்து) ஏறும், விற்றுவிடலாம் என்கிறார் கடைக்காரர். இப்போது இலையில் வெள்ளைப் பொடியும் தெரிகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: தம்பி, அது சாம்பல் நோய். மொட்டு வைத்த பிறகு எதையும் அடிக்காதீர்கள். கண்டதை அடித்தால் கட்டாயப் பூச்சிமருந்துச் சோதனையில் மாட்டும். அடி இலைகளைக் கழித்துவிட்டு, இரவு ஈரத்தை இறக்கி, காற்றோட விடுங்கள்.

அந்த 40 கிலோ ஏன் கிடக்கிறது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

2018 அக்டோபர் 17இல் கனடாவில் கஞ்சாவின் சட்டப்படியான விற்பனை தொடங்கியபோது கடைகளில் போதிய சரக்கு இல்லை. அந்தப் பஞ்சத்தை நம்பி ஆளாளுக்குக் கண்ணாடிக்கூடம் கட்டினார்கள். 2020 மார்ச்சில் கனோபி குரோத் என்ற பெரிய கஞ்சா நிறுவனம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுமார் 30 லட்சம் சதுர அடியை இழுத்து மூடியது. கலால் வரியோ கிராமுக்கு 1 டாலர், அல்லது உற்பத்தி விலையில் 10 சதவீதம், எது கூடவோ அது. கிராம் 10 டாலர் போகும் என்று போட்ட கணக்கு. உங்களிடம் வாங்கிப் பொதி செய்பவர் கிராமை 3 டாலருக்குக் கொடுத்தால் மூன்றில் ஒன்று வரிக்கே போகிறது. அந்த நட்டத்தை அவர் உங்கள் விலையில்தான் கழிப்பார். போதாததற்கு, 2025 மார்ச்சில் மைக்ரோ லைசன்ஸின் பரப்பை 200 சதுர மீட்டரிலிருந்து 800 ஆக்கிவிட்டார்கள்.

ஆக, சும்மா மொட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. வந்தவர் டிஎச்சி எண்ணைக் கேட்டாரா? முகர்ந்துதானே பார்த்தார்! லைட் விற்பவரிடம் யோசனை கேட்டால் லைட் வாங்கத்தான் சொல்வார். போத்தல் போத்தலாக மொட்டு ஊக்கி விற்பவர்களும் அதே ரகம்தான்.

வாசம் கெடுவது காயவைப்பதில்தான். நானும் ஒருமுறை அவசரப்பட்டு, சூட்டைக் கூட்டி நாலே நாளில் காயவைத்தேன். பெட்டியைத் திறந்தால் வைக்கோல் வாசம், அவ்வளவு பாடும் வீண். 18 பாகை வெப்பம், 60 சதவீத ஈரப்பதம், இருட்டு அறை, 10 முதல் 14 நாள். காற்றாடி மொட்டின் முகத்தில் அடிக்கக்கூடாது. சிறு காம்பை மடக்கிப் பாருங்கள்: வளைந்தால் இன்னும் ஈரம், சடக்கென்று முறிந்தால் இறக்கலாம். அப்புறம் மூடிய பெட்டியில் குறைந்தது மூன்று வாரம், முதல் வாரம் தினமும் திறந்து மூச்சு விடவையுங்கள். இதற்குப் புது லைட் எதுவும் வேண்டியதில்லை.

ஜெர்மனி 2024 ஏப்ரல் 1இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்த பிறகு, அங்கே மருத்துவக் கஞ்சாவின் தேவை கூடியது. கனடாச் சரக்கு நிறையப் போகிறது. அனுப்புகிறவர்கள் ஜிஏசிபி (நல்ல சாகுபடி, அறுவடைக்கான விதிமுறை) முறைப்படி எழுதிய பதிவேடு கேட்பார்கள். உங்களிடம் காயவைத்த அறையின் வெப்பக் குறிப்பாவது இருக்கிறதா?

அந்த 40 கிலோவை எண்ணெய் எடுப்பவருக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுங்கள். அடுத்த நடவைப் பாதியாக்கி, மிச்ச இடத்தில் காயப்போடும் அறையைக் கட்டுங்கள்.