கேட்வேயைக் கழற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

கேள்வி: ஐந்து மாடி அலுவலகக் கட்டடத்தைப் பராமரிக்கிறேன். சில்லர் (ஏசிக்கான நீரைக் குளிர வைக்கும் இயந்திரம்), பம்புகள், மின் மீட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க சென்சார்களும், அவற்றின் தகவலைத் திரட்டி இன்டர்நெட் வழியாக அனுப்பும் கேட்வே என்ற பெட்டியும் போட்டோம். சில மீட்டர்கள் அடிக்கடி ‘ஆஃப்லைன்’ ஆகின்றன. சில்லரின் பேனலில் குளிர்நீர் 7 டிகிரி. எங்கள் திரையில் 16608. போன வாரம் இன்டர்நெட் இல்லாத நேரத்தில் மேல் தொட்டி நிரம்பி வழிந்தது. கேட்வேயை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கேட்வே நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினாலும் இதே மூன்றும் திரும்ப வரும்.

முதலில் தொட்டி. மற்ற இரண்டும் தொல்லை, இது ஆபத்து. உங்கள் அமைப்பில் தொட்டி சென்சாரின் அளவு கேட்வே வழியாக கிளவுடுக்குப் போகிறது. ‘நிரம்பிவிட்டது, நிறுத்து’ என்ற முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது, பிறகு அதே வழியில் பம்புக்குத் திரும்பி வருகிறது. நடுவில் இணைப்பு அறுந்தால் பம்பு கடைசியாகக் கேட்ட ‘ஓடு’ என்பதையே பிடித்துக்கொண்டு ஓடும். மேல் தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் (நீர்மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கும் சுவிட்ச்) போட்டு, அதைப் பம்பு ஸ்டார்ட்டரின் கன்ட்ரோல் சர்க்யூட்டிலேயே எலக்ட்ரீஷியனை வைத்து இணைக்கச் சொல்லுங்கள். கீழ்த் தொட்டியிலும் ஒன்று, தண்ணீர் இல்லாமல் பம்பு ஓடாமலிருக்க. கேட்வே நிலவரம் சொல்லட்டும், நேரம் குறிக்கட்டும், எச்சரிக்கை அனுப்பட்டும். நிறுத்தும் உரிமை மட்டும் ஸ்டார்ட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் தொட்டியருகே ஓர் ஆளை நிற்க வைத்து, கேட்வேயின் மின்சாரத்தையே நிறுத்திவிட்டு, பம்பைக் கையால் ஓட விட்டுப் பாருங்கள்.

அடுத்து ஆஃப்லைன். மீட்டர்கள் ஆர்எஸ்-485 எனும் இரட்டை ஒயரில் மோட்பஸ் (கருவிகள் தகவல் பரிமாறும் ‘மொழி’) பேசுகின்றன என்று வைத்துக்கொள்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான். அந்த ஒயர் ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். மாடிக்கு மாடி கிளை பிரித்து இழுத்திருந்தால் சிக்னல் கிளை முனைகளில் மோதித் திரும்பி வந்து குழப்பும். சங்கிலியின் இரண்டு முனைகளிலும் தலா ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு ஏ, பி ஒயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். சுமார் 60 ஓம் காட்டினால் சரி. 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் யாரோ நடுவிலும் ஒன்று போட்டிருக்கிறார்கள் (இதுதான் அதிகம் நடக்கும், மீட்டருக்குள்ளிருக்கும் குட்டி சுவிட்சை யாரும் கவனிப்பதில்லை). அப்புறம், இரண்டு மீட்டர்களுக்கு ஒரே முகவரி எண் கொடுக்கப்பட்டிருக்கிறதா, இந்த ஒயர் பம்பின் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) கேபிளை ஒட்டியே போகிறதா என்றும் பாருங்கள்.

16608 எனக்குப் பிடித்த விஷயம், ஏனென்றால் தப்பு எங்கே என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. மோட்பஸில் கருவி தன் அளவுகளை வைத்திருக்கும் அறைகளுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர், ஒவ்வொன்றும் 16 பிட். உங்கள் சில்லர் வெப்பநிலையை 32 பிட் தசம எண்ணாக இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரித்து வைத்திருக்கிறது. கேட்வே முதல் பாதியை மட்டும் எடுத்து முழு எண்ணாகப் படிக்கிறது. 7-இன் முதல் பாதி மிகச் சரியாக 16608. நீர் 8 டிகிரிக்கு ஏறினால் 16640 வரும், பாருங்கள். கேட்வே அமைப்பில் இந்த வெப்பநிலைக்கான வரியை ‘32 பிட் ஃப்ளோட்’ (தசம எண்) என்று மாற்றினால் போதும். மாற்றிய பிறகும் பூஜ்யமோ தலைகால் புரியாத எண்ணோ வந்தால், இரண்டு பாதிகளின் வரிசையை மாற்றிப் போடுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் ரெஜிஸ்டர் முகவரியில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். சில கையேடுகள் 0-விலிருந்தும் சில 1-லிருந்தும் எண்ணுகின்றன.

நீங்கள் கேட்காத ஒன்று: கேட்வே அலுவலக வைஃபையிலேயே இருந்தால் அதைத் தனி நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மாற்றங்களெல்லாம் முடிந்த அன்றே கேட்வேயின் அமைப்புக் கோப்பை ஒரு பிரதி எடுத்து, ரெஜிஸ்டர் பட்டியலோடு உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தியவரிடம் மட்டும் அது இருந்தால், அடுத்த மீட்டரைச் சேர்க்கவும் அவருக்காகத்தான் காத்திருக்க வேண்டியிருக்கும்.