புதியவர்களுக்குத் தச்சும் கொத்து வேலையும் கற்றுத்தர எந்த வேலையை முதலில் கொடுக்கலாம்?

கேள்வி: பலர் சேர்ந்து கட்டும் ஒரு சமூகக்கூடத்தில் எட்டுப் பேருக்குத் தச்சும் கொத்து வேலையும் கற்றுத்தரப் போகிறோம். எதிலிருந்து தொடங்குவது? எங்கே பிசகும்?

பதில்:

கூடத்துக்கு வேண்டிய பெஞ்சுகளிலிருந்து தொடங்குங்கள். பெஞ்சில் ஒரு மூட்டு கெட்டால் ஒரு கட்டைதான் போகும். கதவு நிலை கோணினால் சுவர் வேலையே நின்றுவிடும். சாரம், கூரை, பாரம் தாங்கும் சுவர் மூன்றையும் தேர்ந்தவர்களிடமே விட்டுவிடுங்கள். கற்பவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

ரம்பத்தைக் கையில் கொடுக்கும் முன் கோடு போடப் பழக்குங்கள். மூட்டு ஆடினால் அறுத்த கையைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு கோட்டில் இருக்கும். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு முகத்தையும் அதை ஒட்டிய ஓரத்தையும் இழைத்து, மூலை நேர்கோணமா என்று காட்டும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, அந்த இரண்டிலும் பென்சிலால் அடையாளம் போட வேண்டும். பிறகு எல்லா அளவும் அந்தப் பக்கங்களிலிருந்தே. நான்கு கால்களையும் சேர்த்து கிளாம்ப் போட்டு இறுக்கி, குறுக்குச் சட்டம் வரும் இடத்துக்கு ஒரே வீச்சில் கோடு இழுங்கள். தனித்தனியாக டேப் வைத்து அளந்தால் காலுக்குக் கால் 1 மி.மீ. மாறும், பெஞ்சு ஆடும்.

அடுத்தது துளையும் கழுந்தும்: துளை காலில், அதற்குள் நுழையும்படி சட்டத்தின் முனையில் மெலிதாக்கிய நாக்குதான் கழுந்து. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு: 36 மி.மீ. சட்டத்துக்கு 12 மி.மீ. கழுந்து, 12 மி.மீ. உளி. கோடு போடும் கருவியை அந்த உளியின் அகலத்துக்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் துளை, பிறகுதான் கழுந்து. துளை உளியின் அளவில்தான் வரும். கழுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிச் சரிசெய்யலாம். துளை கழுந்தை விட 2 மி.மீ. ஆழமாக இருக்கட்டும். இல்லையென்றால் கழுந்தின் நுனி அடியில் முட்டி, தோள், அதாவது கழுந்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் முகம், கால்மீது உட்காராமல் இடைவெளி தெரியும். அறுக்கும்போது ரம்பம் கோட்டின் கழிவுப் பக்கத்தில் ஓட வேண்டும், கோட்டின் மேல் அல்ல. கையால் அழுத்தியே பாதி நுழைந்து, மீதி கொட்டாப்புளியின் (மரச் சுத்தியல்) சில தட்டில் இறங்கினால் சரியான பிடி. ஓங்கி அடித்தால்தான் இறங்குகிறது என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், கால் பிளந்துவிடும்.

உளியை நாள்தோறும் தீட்டுவதும் பாடம்தான். மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால்தான் வழுக்கிக் கையைக் கிழிக்கிறது. கட்டையை கிளாம்பில் இறுக்கி, இரண்டு கையும் உளி முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். இதில் ஒருவருக்கும் விலக்கு வேண்டாம்.

மரம் அகலவாக்கில் விரியும், சுருங்கும். நீளவாக்கில் அந்த அசைவு மிகமிகக் குறைவு. அதனால் உட்காரும் பலகையைப் பசையால் சட்டத்தோடு ஒட்டிவிடக் கூடாது. அகலவாக்கில் நீண்ட துளை போட்டு, அடியிலிருந்து ஸ்குரூ முடுக்குங்கள். ஒட்டிய பலகை பருவம் மாறும்போது வெடிக்கும்.

கொத்து வேலையில் பயிற்சிச் சுவரை சிமென்ட் இல்லாமல் சுண்ணாம்பும் மணலும் கலந்து கட்டுங்கள். பிரித்துக் கழுவி அதே செங்கல்லை மறுபடி எடுக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டலாம். இதற்கு இணையான பயிற்சி வேறில்லை. செங்கற்களுக்கு இடையே கலவை இணைப்பு 10 மி.மீ., ஒவ்வொரு வரிக்கும் நூல், சுவர் செங்குத்தா என்று பார்க்க இரண்டு மூன்று வரிக்கு ஒருமுறை தூக்குக்குண்டு. மூலை பிடிக்க 3, 4, 5 கணக்கு போதும்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். நிஜச் சுவருக்கு சிமென்ட் கலவை போடும்போது, தண்ணீர் சேர்த்து அரை மணி நேரத்தில் தீரும் அளவே குழைக்கட்டும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் விட்டால் பலம் போய்விடும். உலர்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் முன்பே நனைத்து வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேல் நான் பயப்படுவது திறப்பு விழாத் தேதிக்குத்தான். நாள் நெருங்கினால் நன்றாக அறுப்பவரே எல்லாவற்றையும் அறுப்பார், மற்றவர்கள் கட்டையைப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். பெஞ்சு முடியும், எட்டுப் பேரில் இரண்டு பேருக்குத்தான் வேலை தெரிந்திருக்கும். ஒருவர் ஒரு பெஞ்சைக் கோட்டிலிருந்து கடைசி ஸ்குரூ வரை தானே முடிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ப மரம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி வையுங்கள், தேதியையும் தள்ளியே குறியுங்கள்.