வாசகர் கேள்வி – பதில்: 24 ஆண்டு அனுபவத்தை நேர்காணலில் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 49. மன்னார்குடி அருகே ஒரு நவீன அரிசி ஆலையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து, உற்பத்தி மேலாளராக உயர்ந்து, 24 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உரிமையாளரின் பிள்ளைகளுக்குத் தொழிலில் விருப்பமில்லாததால் ஆலை விற்பனைக்கு வந்துவிட்டது. திருச்சியில் உள்ள ஓர் உணவுப் பொருள் நிறுவனம் ஆலைத் தலைமைப் பொறுப்புக்காக என்னை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. முதல் சுற்று வீடியோ வழியாக நடக்கும்; கேட்பவர்கள் என்னைவிட மிகவும் இளையவர்கள். இங்கே சேர்ந்தபோது முதலாளி என் அப்பாவின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு மறுநாளே வரச் சொன்னார். இப்போது எப்படித் தயாராவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மன்னார்குடி

பதில்: அனுபவசாலிகள் நேர்காணலில் தடுமாறுவது பெரும்பாலும் விஷயம் தெரியாததால் அல்ல, எதைச் சொல்வது, எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாததால்தான். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தொடங்கினால், நீங்கள் மேலாளராகும் கட்டத்துக்கு வருவதற்குள் கேட்பவரின் கவனம் போய்விடும். ஆலையின் அரவைத் திறன், உங்கள் பொறுப்பில் இருந்த ஆட்கள், இந்தப் பணியை நாடும் காரணம் ஆகியவற்றை இரண்டு நிமிடத்தில் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீதி நேரம் நீங்கள் எடுத்த முடிவுகளுக்கு உரியது. நான்கைந்து முடிவுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, சம்பா அறுவடை நேரத்தில் பருவம் தவறி மழை பெய்து, கொள்முதல் நிலையங்களின் வரம்பான 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டி 21, 22 என்று நெல் லோடு லோடாக ஆலை வாசலில் வந்து நின்ற ஒரு வாரம் உங்களுக்கும் வாய்த்திருக்கும். டிரையர் கொள்ளும் அளவு குறைவு என்ற நிலையில் எந்த லோடை முதலில் உலர்த்தினீர்கள், எதைத் திருப்பி அனுப்பினீர்கள், ஏன், அதனால் நொய் எவ்வளவு குறைந்தது என்று சொல்லுங்கள். 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்பது அரசு தன் நெல்லை அரைத்துத் தரும் ஆலைகளான அரவை முகவர்களுக்கு வைத்திருக்கும் கணக்கு. உங்கள் ஆலையில் அது எந்த ஆண்டு கூடியது, எந்த ஆண்டு குறைந்தது, காரணம் என்ன என்பது விரல் நுனியில் இருக்கட்டும். ஆனால் வாங்குபவர்களின் பெயரையும் விலையையும் சொல்லிவிடாதீர்கள். பழைய இடத்தின் ரகசியத்தைக் கொட்டுபவரைப் புதிய இடம் நம்பாது.

நம் பக்கத்தில் “முதலாளி சொன்னார், செய்தோம்” என்று பேசுவதைப் பணிவு என்பார்கள். நேர்காணலில் அது, முடிவெடுத்தவர் நீங்கள்தானா என்ற சந்தேகத்தைத்தான் எழுப்பும். நீங்கள் எடுத்த முடிவை “நான்” என்றும், மற்றவர்கள் செய்ததை அவர்கள் பெயரிலும் சொல்லுங்கள். தவறிப்போன ஒரு முடிவைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். உண்மையில் நடந்த ஒன்றையே சொல்லுங்கள்.

உணவுப் பொருள் நிறுவனம் என்பதால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவேடுகள், ஐஎஸ்ஓ 22000 என்ற சர்வதேச உணவுப் பாதுகாப்புத் தரச்சான்றுக்கான தணிக்கை ஆகியவை பற்றிய கேள்விகளை எதிர்பார்க்கலாம். நெல் பதப்படுத்தல் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற பெயரில் இயங்கும் மத்திய அரசு நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது. அவகாசம் இருந்தால் விசாரியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் இந்த வயதில் குறையொன்றுமில்லை.

“உங்களைவிட இளையவருக்குக் கீழ் பணிபுரிவீர்களா?” என்ற கேள்விக்கு “வயது ஒரு பொருட்டே அல்ல” என்று பதில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் கலர் சார்ட்டர் இயந்திரம் வந்தபோது அதைப் பொருத்த வந்த இளைஞரிடம் கற்றுக்கொண்டது போன்ற ஒரு நிகழ்வு இருந்தால், அதுவே போதிய பதில். கேள்வி கேட்பவரை வாய் தவறியும் “தம்பி” என்று விளிக்க வேண்டாம். வீடியோ சுற்றை ஆலை அலுவலகத்தில் உட்கார்ந்து பேசாதீர்கள். மின்வெட்டு வந்தால் கைகொடுக்க இன்னொரு செல்பேசியில் இணையம் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது 46, கணக்குப் பிரிவு மேலாளராக இருக்கிறேன். நேர்காணலில் எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கேட்டால் என்ன சொல்வது?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: தொகையைச் சொல்வதற்கு முன், அவர்கள் பேசுவது கைக்கு வரும் சம்பளமா, உங்களுக்காக நிறுவனம் செய்யும், சிடிசி எனப்படும் மொத்தச் செலவா என்று கேளுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 12 சதவீதத்தையும், பணிக்கொடைக்கான 4.81 சதவீதத்தையும் பல நிறுவனங்கள் அந்த மொத்தத்திலேயே சேர்த்துவிடுகின்றன. கணக்குத் துறையில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் சொந்தச் சம்பளம் என்று வரும்போது பலரும் கூச்சப்பட்டு இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். வேலை மாறும்போது பழைய வைப்பு நிதியை எடுத்துவிடாமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டுப் பணிக்காலம் அதில்தான் தொடரும்.