குறுவைக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்: மகசூல் குறையுமா, கார்பன் பணம் வருமா?

கேள்வி: பாபநாசம் பக்கம் எனக்கு ஒரு வேலி (சுமார் 6.7 ஏக்கர்) நிலம். ஆற்றுத் தண்ணீரோடு போரும் இருக்கிறது. கோடை கழிந்து நடும் குறுவை, அதை அறுத்தபின் நடும் தாளடி இரண்டும் நெல்தான். நெல் வயலால்தான் பூமி சூடாகிறது என்கிறார்கள். வயலைக் காயவிட்டுச் சாகுபடி செய்தால் கார்பன் கிரெடிட் பணம் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தார் வந்து கையெழுத்துக் கேட்கிறார்கள். காயவிட்டால் விளைச்சல் போய்விடாதா? கையெழுத்துப் போடலாமா?

பதில்: குறுவையில் தாராளமாகக் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலை இடையிடையே காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது, செய்யுங்கள். தாளடியில் அதற்காகச் சிரமப்பட வேண்டாம். கையெழுத்துக்கு மட்டும் அவசரமே இல்லை.

முதலில் அந்தப் பழிச்சொல்லைப் பார்த்துவிடலாம். பூமி சூடாவதற்கு முதல் காரணம் நிலக்கரியும் பெட்ரோல், டீசலும் எரிவாயுவும்தான். மனிதர்களால் வெளியேறும் மீத்தேனில் நெல் வயல்களின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டி வரும், அவ்வளவே. 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பல நாடுகள் சேர்ந்து மீத்தேனைக் குறைக்கும் உறுதிமொழி எடுத்தபோது இந்தியா அதில் சேரவில்லை. நெல்லும் மாடும் சிறு விவசாயிகளின் பிழைப்பு என்பதே அதற்குச் சொன்ன காரணம். ஆகவே குற்ற உணர்வு எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

ஆனாலும் மீத்தேனைக் குறைப்பதில் பலன் உண்டு. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு. அதேசமயம் ஏறக்குறைய 12 ஆண்டுகளில் காற்றில் சிதைந்தும்விடுகிறது. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். இன்று மீத்தேனைக் குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும். மழை பொய்த்தாலும் கொட்டித் தீர்த்தாலும் முதல் அடி டெல்டாவுக்குத்தான் என்பதால் இதில் நமக்கும் அக்கறை இருக்க வேண்டும்.

நட்டு மூன்று வாரம் ஆன, தண்ணீர் கட்டிய வயலில் இறங்கி ஒரு கால் வைத்துப் பாருங்கள். பாதத்தைச் சுற்றிக் குமிழ் குமிழாகக் கிளம்பும். அதில் மீத்தேனும் இருக்கும். தண்ணீர் தேங்கியதும் மண்ணுக்குள் காற்று போவது நின்றுவிடுகிறது. பழைய தாள், வேர், வைக்கோல் எல்லாவற்றையும் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் சிதைத்து மீத்தேனாக்குகின்றன. கண்ணுக்குத் தெரியும் இந்தக் குமிழி கொஞ்சம்தான். பெரும்பங்கு வாயு நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக, உறிஞ்சுகுழல் வழியே ஏறுவதுபோல ஏறி வெளியே போகிறது. இடையிடையே வயலைக் காயவிட்டால் மண்ணுக்குள் காற்று நுழைந்து, அந்த நுண்ணுயிர்களின் வேலை தடைப்படும். ஒரே பருவத்தில் பலமுறை காயவிட்டால் மீத்தேன் 45 சதவீதம்போலக் குறைகிறது என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி கணக்கிடுகிறது.

இப்போது செய்முறை. ஒரு அடி நீளமுள்ள நான்கு அல்லது ஆறு அங்குல பிவிசி குழாயை எடுத்து, கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போடுங்கள். துளையுள்ள பாதி மண்ணுக்குள் இருக்கும்படி, வரப்பிலிருந்து எட்டிப் பார்க்க வசதியான இடத்தில் இறக்கி, உள்ளே அடைத்த சேற்றை அள்ளிவிடுங்கள். வயல் மேலே காய்ந்து தெரிந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும். மண் மட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே அது இறங்கியதும் மடையைத் திறந்து 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பழையபடி வடியட்டும். அப்புறம் மறுபடி பாய்ச்சுங்கள். திருந்திய நெல் சாகுபடியில் மயிரிழை வெடிப்பு விழுந்ததும் பாய்ச்சச் சொன்னதும் இதே முறைதான். குழாய் இருந்தால் மண்ணுக்குள் எவ்வளவு ஈரம் என்று ஊகிக்க வேண்டியதில்லை.

இந்த 15 செ.மீ. எல்லையைத் தாண்டாதவரை மகசூல் குறைவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அதைவிட ஆழமாகக் காயவிட்ட இடங்களில் விளைச்சல் 20 சதவீதத்துக்கு மேல் சரிந்திருக்கிறது. உங்கள் பயம் நியாயமானது என்பதற்கு அதுவே சாட்சி. நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிற்கட்டும். அந்தச் சமயத்தில் காயவிட்டால் களை கிளம்பி, மிச்சப்படுத்தியதெல்லாம் களையெடுக்கும் கூலிக்கே போய்விடும். பூ எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரையிலும் தண்ணீர் குறையவே கூடாது. அப்போது வாடினால் பதராகும்.

ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவருக்கு இதை நான் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். முறைப்பாசனத்தில் அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாமல் வயலைக் காயவிடுவது ஆபத்து. உங்களுக்குப் போர் கைகொடுக்கும். தாளடியை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகாலே தள்ளாடும்போது வயலைக் காயவிடுவது நம் கையில் இல்லை.

மோட்டார் ஓட்டம் குறைவது இன்னொரு லாபம். நன்றாகச் செய்தால் பாசன நீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகும். 5 ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 3 கிலோ. டீசல் இன்ஜின் என்றால் லிட்டருக்கே 2.7 கிலோ. மின்சாரம் இலவசம்தான், ஆனால் நிலத்தடி நீர் இலவசம் இல்லை.

யூரியாவில் கவனம் வேண்டும். வயல் மாறி மாறி நனைந்து காயும்போது தழைச்சத்தின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு வீரியமானது. மீத்தேனில் பெற்றதில் ஒரு பங்கை இதில் இழக்க நேரிடும். எனவே மேலுரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். இலை வண்ண அட்டையைப் பயிரோடு ஒப்பிட்டு, பச்சை வெளுத்தால் மட்டும் போடுங்கள். ஈரம் வடிந்த வயலில் தூவி உடனே தண்ணீர் பாய்ச்சினால் உரம் வேருக்கு இறங்கும்.

தாளை என்ன செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். பச்சைத் தாளைச் சேற்றில் மிதித்து உடனே நட்டால் மீத்தேன் எகிறும். நடவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே உழுது மண்ணில் மக்கவிட்டால் அந்தக் கூடுதலில் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. தாளடி அறுத்து, தரிசில் உளுந்து பறித்த கையோடு கோடை மழையில் ஓர் உழவு ஓட்டுங்கள். குறுவை நடவுக்குள் எல்லாம் மக்கிவிடும். எரிப்பது மட்டும் கூடவே கூடாது.

சரி, பணத்துக்கு வருவோம். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமமான குறைப்பு. தெற்காசிய வயல்களுக்கு ஐபிசிசி தரும் சராசரியை வைத்து நான் போட்ட தோராயக் கணக்கில், ஏக்கருக்கு ஒரு குறுவையில் 13 கிலோ மீத்தேன் மிச்சமாகும். 28-ஆல் பெருக்கினால் 370 கிலோ போல. உங்கள் ஒரு வேலிக்கும் சேர்த்து இரண்டரை கிரெடிட்கூடத் தேறாது. ஒரு கிரெடிட் ஆயிரம் ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு நானூறைத் தொடவில்லை. அளவிடும் செலவு, சரிபார்ப்புச் செலவு, நிறுவனத்தின் பங்கு எல்லாம் போக மீதிதான் உங்களுக்கு. மண்ணையும் தாளையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் வரும் என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்தச் சந்தையே இன்னும் நிலைபெறவில்லை. கிரெடிட்களுக்குச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான வெர்ரா, நெல் வயல்களுக்கான பழைய கணக்கீட்டு முறையை 2023-ல் நிறுத்தியது. அடுத்த ஆண்டே சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது.

ஒப்பந்தத்தைத் தமிழில் வாங்கிப் படியுங்கள். எத்தனை ஆண்டுக்கு உங்களைக் கட்டுகிறது, மழையால் காயவிட முடியாத பருவத்துக்கு அபராதம் உண்டா, பணம் கிரெடிட் விற்ற பிறகா அதற்கு முன்பா, இடையில் நிலத்தை விற்றால் யார் பொறுப்பு என்று பாருங்கள். இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம். குழாயை மட்டும் வாங்கி இந்தக் குறுவைக்கு ஒரு மாவில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) இறக்கிப் பாருங்கள். அதற்கு யார் ஒப்பந்தமும் தேவையில்லை.