மடிக்கணினியும் வேலை செய்யாத டிவிடி டிரைவும்: கேள்வி பதில்

கேள்வி: யூஎஸ்பி டிவிடி டிரைவைச் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் தட்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. புதிய டிரைவ் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். விளக்கு எரியச் சொற்ப மின்சாரம் போதும். நின்றிருக்கும் தட்டைச் சுழற்றத் தொடங்கும் நொடிகளில்தான் மோட்டார் மிகுதியாக இழுக்கும். யூஎஸ்பி 2.0 துளைக்கு 500, 3.0 துளைக்கு 900 மில்லியாம்பியர் என்பதே வரையறை. ஆகவே ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரிக்கும் ஹப்பை நீக்கிவிட்டு, குட்டையான கேபிளால் 3.0 துளையில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

கேள்வி: உள்ளே பொருத்திய டிரைவ் திடீரென மறைந்துவிட்டது. கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 39 என்ற எண்ணும் தெரிகின்றன.

பதில்: பெயர் அங்கே தெரிகிறது என்றால் மடிக்கணினி டிரைவை அடையாளம் கண்டுகொண்டது என்று பொருள், திருகைக் கழற்றும் வேலை இப்போதைக்கு இல்லை. டிஸ்க் எழுதும் மென்பொருள் எதையேனும் அண்மையில் நிறுவினீர்களா, நீக்கினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். அத்தகைய மென்பொருள்கள் விட்டுச் செல்லும் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுகள் பல நேரங்களில் இக்கோளாறுக்குக் காரணமாகின்றன. முதலில் விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அதன் கண்ட்ரோல் பிரிவின் கிளாஸ் பகுதியில் 4டி36இ965 எனத் தொடங்கும் கோப்புறைக்குள் அவ்விரண்டும் இருந்தால் நீக்கிவிட்டு, கணினியை மீண்டும் தொடங்குங்கள். எண்ணை இருமுறை படியுங்கள். 4டி36இ967 எனத் தொடங்குவது ஹார்ட் டிஸ்குக்கு உரியது; அங்கே கை வைத்தால் விண்டோஸே தொடங்காமல் போகலாம்.

கேள்வி: என் மடிக்கணினியின் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயரே தெரியவில்லை, ஐயா.

பதில்: விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் கணினியை அணைத்து, பேட்டரியையும் கழற்றிய பின், அடிப்புறத் திருகை நீக்கி டிரைவை வெளியே இழுத்து, இணைப்பான் அழுந்தும்வரை மீண்டும் தள்ளுங்கள். அதன் பிறகும் தெரியாவிட்டால் டிரைவோ இணைப்பானோ பழுதாகியிருக்கலாம்.

கேள்வி: சிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை. இது எப்படி?

பதில்: சிடிக்கு 780, டிவிடிக்கு 650 நானோமீட்டர் அலைநீள லேசர் பயன்படுகிறது, ஒன்று தளர்ந்தாலும் மற்றது உழைக்கும். டிரைவ் பழுது என்று முடிவு செய்யும் முன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் லென்ஸை மெல்லத் துடைத்துப் பாருங்கள். லென்ஸ் நுண்ணிய கம்பிகளில் தொங்குவதால் அழுத்தக் கூடாது. துடைத்தும் பயனில்லையென்றால் டிரைவை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: தட்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது.

பதில்: கணினியை அணைத்துவிட்டு, முகப்பிலுள்ள ஊசித்துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராகச் செலுத்துங்கள்.