பனிக்காலத்துச் செடிகளைப் பாலிதீனால் மூடலாமா?

கேள்வி: கனடாவில் செடிகள் குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் கிடந்து, பிறகு தளிர்க்கும் என்கிறாள் என் மகள். இங்கே மார்கழிப் பனிக்கே ரோஜா வெளுக்கிறது, பாகல் இலை மஞ்சளாகிக் கருகுகிறது. ராத்திரியில் பாலிதீன் போட்டு மூடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தயவுசெய்து மூடாதீர்கள். பெயர்தான் ஒன்று, அந்தப் பனி வேறு, இலையில் நீர்த்துளியாகப் படியும் நம் பனி வேறு. புதிதாக விழுந்த வெண்பனியில் பெரும்பகுதி காற்றுதான். அது பஞ்சு மெத்தைபோல மண்ணின் சூட்டைப் பிடித்துவைக்கும். வெளியே மைனஸ் 20 டிகிரி அடித்தாலும், கனத்த பனிக்கு அடியில் மண் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். செடியைக் கருக்குவது ஊட்டியில் பெய்கிறதே, அந்த உறைபனி. இலைத் திசுவில் உள்ள நீர் உறைவதால் வரும் சேதம் அது.

டெல்டாவில் தை மாத விடியலிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே குளிரைப் பழிக்க வேண்டாம், பூஞ்சணத்தைப் பாருங்கள். பாலிதீன் ஈரத்தை உள்ளேயே அடைத்து அதை வளர்க்கும்.

ரோஜா இலையை விரலால் தேயுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் சாம்பல் நோய். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தணிந்ததும் தெளியுங்கள். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் இலை பொசுங்கும். பாகலுக்குக் கந்தகம் வேண்டவே வேண்டாம், கொடிவகை இலைகள் அதைத் தாங்குவதில்லை.

பாகலில் இலைமேல் நரம்புகளுக்கு இடையே கட்டம் கட்டமாக மஞ்சள், அடியில் சாம்பல் நிறப் பூச்சு என்றால் அது அடிச்சாம்பல் நோய். இலையில் பனிநீர் வெகுநேரம் காயாமல் நிற்பதுதான் இதற்குக் காரணம். நோய் கண்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், பந்தலில் நெருங்கிய கொடியைக் கலைத்துக் காற்றோட விடுங்கள். அப்படியும் பரவினால், முற்றிய காய்களைப் பறித்துவிட்டு மான்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளியுங்கள். அடுத்த பறிப்புக்குப் பாக்கெட்டில் போட்டிருக்கும் காத்திருப்பு நாளைக் கட்டாயம் பாருங்கள். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் விடுங்கள். மாலையில் இலைமேல் தெளிக்கும் பழக்கத்தை மாசி வரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கார்த்திகை முதல் மல்லி பூக்கவில்லை. யூரியா வைக்கட்டுமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: இப்போது யூரியா வைத்தால் இலைதான் மண்டும். மல்லிக்கு இது ஓய்வுக் காலம். கார்த்திகைக் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, காய்ந்த குச்சிகளை அடியோடு நீக்குங்கள். செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் போதும். நம் களிமண்ணில் அடைமழைத் தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருந்தால் எந்த உரமும் பலிக்காது. முதலில் வடிகால் வெட்டுங்கள்.